நாற்பத்திரண்டு பூட்டிய கதவுகள்

மின்வாரியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்கீட்டாளர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். நாலு வார்த்தை என்றால் வழக்கமாக நேர்மை, உழைப்பு, பொறுமை, நேரந்தவறாமை. இந்த நாலையும் என் பணி ஓய்வு விழாவில் என்னைப் பற்றியே சொன்னார்கள், மாலையும் போட்டார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தைகளின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. ஆகவே வேறு ஒன்றை எழுதுகிறேன்.

எனக்கு விதிகள் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நோயாளி தன் நோயைச் சொல்வது போலச் சொல்கிறேன். எந்தக் கடிதத்துக்கு எந்தப் படிவம், எந்தப் படிவத்துக்கு யார் கையெழுத்து என்று அதிகாரிகளே என் மேசைக்கு வந்து கேட்டுப் போவார்கள். விதி தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைவிட, எந்த வேலையைச் செய்யாமல் தப்பலாம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

உங்களிடம் இப்போது கையடக்கக் கருவி இருக்கிறது. நீங்கள் எத்தனை மணிக்கு எந்த வீட்டு வாசலில் நின்றீர்கள் என்பது அதில் பதிவாகிவிடும் என்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள், ஒரு பை, ஒரு பதிவேடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரில் உள்ள எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும், மீட்டர் பக்கத்தில் ஆணியில் தொங்கும் வெள்ளை அட்டையிலும் எழுத வேண்டும். வீடு பூட்டியிருந்தால் பதிவேட்டில் "டோர் லாக்" என்று குறித்து, போன தடவை எவ்வளவு யூனிட்டோ அதையே சராசரியாகப் போட்டுவிடுவோம். பிறகு ஒருநாள் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. யாரும் மறுபடி போய் நான் பார்த்ததில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எனக்கு ஒதுக்கியிருந்த ஊர்களில் ஒன்று கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருந்தது. தெருவில் நின்றால் கல்வராயன் மலை எதிரே முழுதாகத் தெரியும். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரே தெரு, நாற்பத்திரண்டு இணைப்பு.

கடைசி வீடு ஏழுமலை என்பவருடையது. ஓடு போட்ட மண்சுவர் வீடு. மலைக்குப் போய்ச் சாமையும் தினையும் வாங்கிவந்து நைனார்பாளையத்துக் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். மாதத்தில் பாதி நாள் மலையிலேயே இருப்பார். வீட்டுப் பொறுப்பு அவர் மனைவி அஞ்சலையுடையது. கௌரி என்று பத்து வயதுப் பெண், அவளுக்குக் கீழே ஒரு பையன். மாட்டுக்கொட்டகையில் உள்ளதையும் சேர்த்து மூன்று விளக்கு, ஒரு மேசை விசிறி, ஒரு ரேடியோ. அந்த வீட்டின் மொத்த மின்சார வாழ்க்கை அவ்வளவுதான்.

ஒரு கோடையில் அந்த வீட்டு எண் கொஞ்சம் தூக்கலாக வந்தது. அட்டையில் எழுதி நீட்டினேன்.

"இன்னா சார், போன தபாவ வுட ஜாஸ்தியா போட்டுக்கிறீங்க?"

"நான் எங்கம்மா போட்டேன்? மீட்டர் போட்டுது. ஜாஸ்தி எரிச்சா ஜாஸ்தி வரும்."

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று அச்சடித்த தாள்களை அப்போது எங்கள் பையில் கட்டுக்கட்டாகத் திணித்து அனுப்பியிருந்தார்கள். ஒன்றை உருவிக் கொடுத்தேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. பெண்ணைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லி, நின்ற இடத்திலேயே முழுதும் கேட்டார். பிறகு அதைச் சோற்றுப் பசை தடவி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். நான் கொடுத்த ஆயிரக்கணக்கான தாள்களில், வேர்க்கடலை மடிக்கப் பயன்படாமல் தப்பித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை போனபோது எண் இன்னும் ஏறியிருந்தது.

"சார், ஃபேன பரண் மேல தூக்கிப் போட்டுட்டன். பசங்க வெந்துகினு தூங்குதுங்க. அப்பவும் கம்மியாவல."

"ரேடியோ?"

"அதுவும் பரண்லதான். எங்க வூட்டுக்காரரு மலைலேர்ந்து வந்தா சண்டை போடறாரு, பாட்டு இல்லன்னு."

"விளக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. சோறு துன்னதும் அணைச்சிடறன்."

"அப்ப நீங்க தூங்குனதும் யாராவது எழுந்து போட்டிருப்பாங்க."

"யாரு வருவாங்க? முனீஸ்வரன் வந்து சுச்சு போடுவாரா?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வுள்ள ஆள் என்று எனக்கு அந்தத் தெருவில் பெயர் இருந்தது.

மூன்றாவது முறை நான் போனபோது மீட்டருக்குக் கீழே சுவரில் கரியால் எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அஞ்சலை வெள்ளிக்கு வெள்ளி மீட்டரைப் பார்த்து அப்படியே எழுதி வைத்திருக்கிறார். எழுத்துத் தெரியாத ஒருவர் எண்களைக் கோலம் போடுவது போல இழுத்து இழுத்து வரைந்திருந்தார். ஏழு மட்டும் எல்லா வரியிலும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"இப்ப பாருங்க சார்" என்று உள்ளறைக்குப் போய் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு வந்தார். மீட்டரின் கண்ணாடிக்குள் சுற்றும் தகட்டைக் காட்டினார். அந்தத் தகட்டின் விளிம்பில் சிவப்பாக ஒரு அடையாளம் இருக்கும், நீங்கள் பழைய மீட்டரில் பார்த்திருப்பீர்கள்.

"அந்த செவப்புக் கோடு வருதா? போவுதா? தோ, மறுபடி வருது பாருங்க. எல்லாம் அணைச்சாச்சி. அப்புறம் எதுக்கு சார் அது சுத்திக்கினே இருக்குது? யாருக்கு சுத்துது?"

நான் பார்த்தேன். சிவப்புக் கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் கற்க வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது, இதற்கு அப்புறம் நடந்ததில் இல்லை. எனக்கு அப்போதே தெரியும். எல்லாவற்றையும் அணைத்த பின்னும் தகடு சுற்றினால் காரணம் இரண்டுதான். மீட்டரே தானாக ஓடும் கோளாறு, அல்லது வீட்டுக்குள் எங்கோ மின்சாரம் கசிகிறது. முதலாவது கருவிக்குக் கேடு, இரண்டாவது உயிருக்குக் கேடு. எது என்று அறிய அந்த வீட்டு ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தால் போதும். தகடு நின்றால் கசிவு. இரண்டு நிமிஷ வேலை.

மணி பன்னிரண்டு. எனக்கு அடுத்த ஊர் பாக்கி இருந்தது, பசி இருந்தது. மேலும் ஃபியூஸைத் தொடுவது கணக்கீட்டாளரின் வேலை அல்ல என்று விதி இருந்தது. அந்த நேரத்தில் அந்த விதி எனக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது.

"மீட்டர் மேல சந்தேகம்னா ஒரு மனு எழுதி, கட்டணம் கட்டி, ரசீது வச்சு ஆபீஸ்ல குடுக்கணும்மா. அப்பதான் வந்து சோதிப்பாங்க."

"மனுவா? நான் எழுதக் கத்துக்கினதே இந்த நம்பரு மட்டுந்தான் சார். அதுவும் உங்க மீட்டரப் பாத்து."

அந்தப் பதிலுக்குப் பிறகு அப்படியே கிளம்ப எனக்கும் கூச்சமாக இருந்தது. "சரி, அடுத்த தடவ வரும்போது நானே பாக்கறேன்" என்றேன்.

"வருவீங்களா?"

"வராம? ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்துதானே ஆவணும்."

கசிவு என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார், பயந்தால் கேள்வி கேட்பார், கேள்வி கேட்டால் நேரமாகும். அவர் அதுவரை கவலைப்பட்டதெல்லாம் யூனிட் கூடுவதைப் பற்றித்தான். அதை மட்டுமே அவருக்கு விட்டுவிட்டு வந்தேன்.

இதே சமயத்தில் என் வீட்டிலேயே ஒரு பாடம் நடந்தது, நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு அப்போதுதான் எரிவாயு இணைப்பு வந்திருந்தது. சிலிண்டர் மாட்டிய நாளை என் மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று அவளுக்கு விரல் நுனியில் இருக்கும். ஒருமுறை ஒரு வாரம் முன்னதாகவே தீர்ந்தது. "நீ தோசையைக் குறை" என்றேன். அடுத்ததும் முன்னதாகத் தீர்ந்தது. "தோச எல்லாம் அதே தோசதான். வேற எங்கியோ போவுது" என்றாள். சமையலறையில் வாடை வருகிறது என்றாள். சாக்கடை வாடை என்றேன். நான் ஆபீஸ் போன பிறகு, சோப்பு நுரையைக் குழாய் முழுதும் தடவியிருக்கிறாள். ரப்பர்க் குழாய் வளையும் இடத்தில் நுரை குமிழியிட்டிருக்கிறது. சாயங்காலம் நான் வந்ததும் அந்தக் குழாயை என் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்தாள். 

கணக்கு வைத்திருந்தவள் பிழைத்தாள், நாங்களும் பிழைத்தோம். அந்தக் குழாயைப் பார்த்தபோது எனக்கு அஞ்சலையின் சுவர் நினைவுக்கு வந்ததா? வந்தது. அடுத்த ரீடிங்குக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

அடுத்த ரீடிங் நாளும் சாலை மறியலும் ஒன்றாக வந்தன. அந்த ஊருக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அந்தத் தெருக்காரர்கள்தான், முகம் தெரியும்.

"இன்னா சார், ரீடிங்கா? இன்னிக்கு எங்களத்தான் ரீடிங் எடுக்கணும்" என்றார் ஒருவர்.

"எடுத்தா மீட்டரு வெடிச்சிடும்டா" என்றார் இன்னொருவர். சிரிப்பு.

வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறன் சார். உங்க ஆபீஸ்ல எங்க ஊரு பசங்க எத்தினி பேரு இருக்கறாங்க?"

 விடை தெரிந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். ஒருவரும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"பரவால்ல சார். உங்க மேல கோவம் இல்ல" என்றான் அவனே. "நடந்து போறவங்கள நாங்க தடுக்கல. சைக்கிள வேணா தூக்கி அந்தாண்ட வுடறோம். போய் வேலையப் பாத்துட்டு வாங்க."

இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள், சைக்கிளைத் தூக்க. நான் வேண்டாம் என்றேன். பயமா என்றால் இல்லை. அவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் என்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஊரே நின்றுபோன ஒரு நாளில் நான் மட்டும் ஏன் வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. யாரும் குறை சொல்ல முடியாத காரணம் ஒன்று சாலையின் குறுக்கே கிடந்தது. அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பதிவேட்டைத் திறந்தால் ஒரு சிக்கல். மீட்டர் எரிந்துவிட்டால் ஒரு குறியீடு உண்டு. நின்றுவிட்டால் ஒன்று, கண்ணாடி உடைந்தால் ஒன்று. கணக்கீட்டாளர் போகவில்லை என்பதற்கு மட்டும் குறியீடு கிடையாது. விதி எழுதியவர்கள் அப்படி ஒன்று நடக்கும் என்று நினைக்கவில்லை. ஆகவே எல்லா வீட்டுக்கும் டோர் லாக் போட்டேன். நாற்பத்திரண்டு கதவுகளையும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பூட்டினேன். கடைசிக் கதவு ஏழுமலை வீடு. போன தடவை யூனிட்டையே சராசரியாகப் போடும்போது, பாவம், இந்த முறையும் அந்த அம்மாவுக்குக் குறையவில்லையே என்று நினைத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

மறியல் முடிந்தது. சாலை திறந்தது. நான் மறுபடி போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து மலையில் நல்ல மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை வெயில் வந்ததும் அஞ்சலை மூன்று நாள் துணியைத் துவைத்து, வீட்டுப் பின்சுவரின் ஆணியிலிருந்து வேப்பமரத்துக்குக் கட்டியிருந்த கொடிக்கம்பியில் காயப்போடப் போயிருக்கிறார். ஈரச் சேலையோடு கம்பியைத் தொட்டவர் அப்படியே விழுந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அதை ஒரு அதிர்ஷ்டம் என்று ஊரில் சொன்னார்கள்.

உயிர்ப்பலி என்றால் அலுவலகத்திலிருந்து போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பொறியாளர், ஃபோர்மேன், பதிவேட்டோடு நான், மூன்று பேரும் மறுநாள் போனோம். ஃபோர்மேன் ரிஷிவந்தியத்துக்காரர், கம்பியிலேயே வளர்ந்து தலை நரைத்த மனிதர். அதிகம் பேச மாட்டார். ஒரு ஹோல்டரில் பல்பைச் செருகிப் பின்சுவரில் அங்கும் இங்கும் ஒயரை வைத்துப் பார்த்தார். மாட்டுக்கொட்டகை விளக்குக்குப் போகும் ஒயர், சுவருக்குள் பதித்த ஒரு இரும்புக் குழாய் வழியே போயிருந்தது. குழாயின் வாயில் ரப்பர் உரிந்து கம்பி குழாயைத் தொட்டிருந்தது. ஸ்விட்சையும் தவறான கம்பியில் வைத்திருந்ததால் விளக்கை அணைத்தாலும் மின்சாரம் அதில் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது. காய்ந்த நாளில் குழாய் வழியே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, மழையில் ஊறிய சுவரில் ஆணி வரைக்கும் வந்துவிட்டது. யாருக்குச் சுற்றுகிறது என்று அந்த அம்மா கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான்.

"ரெண்டு நிமிச வேல" என்றார் ஃபோர்மேன், யாரையும் பார்க்காமல்.

வீட்டுக்குள் வந்தோம். ஏழுமலை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டு மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தவர். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மீட்டருக்குக் கீழே கரி எண்கள் இப்போது நிறைய இருந்தன. நான் வராத நாளிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி என்பது தினமும் என்று ஆகியிருந்தது. பொறியாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, "பசங்க சுவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்காங்க" என்றார். நான் ஆணியில் தொங்கிய அட்டையைச் சரிசெய்தேன். ஃபோர்மேன் மட்டும் கிட்டே போய் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி மூன்று வரிகளில், மழை பெய்த மூன்று நாட்களில், எண் பாய்ந்து பாய்ந்து ஏறியிருந்தது. அவர் விரல் அங்கே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப ரீடிங் எடுத்தீங்க?" பொறியாளர் கேட்டார்.

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். "டோர் லாக் சார்."

"பூட்டலியே."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற கௌரிதான் சொன்னாள்.

"அன்னிக்கு அம்மா களையெடுக்கவே போவல. சார் வருவாரு, வந்தா அந்தக் கோட்ட காட்டணும்னு வாசல்லயே குந்திக்கினு இருந்தாங்க. மரம் வெட்டிப் போட்டாங்களே, அன்னிக்குதானே? பொழுதுக்கும் குந்திக்கினு இருந்தாங்க."

பொறியாளர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். உண்மையைச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், குறிப்பாணை கொடுத்திருப்பார். அதற்கு மேல் ஒன்றும் போயிருக்காது. "அன்னிக்கு மறியலாச்சே, நீங்க எப்படிப் போனீங்க?" என்றார்.

மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம்தான் இருந்தது. நெருக்கடியில் எடுக்கும் முடிவு என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், பெரிய தீ, பெரிய வெள்ளம் என்று. அப்படி வராது. ஒரு சின்னக் கேள்வியாகத்தான் வரும், பதிலும் நாக்கில் தயாராக இருக்கும்.

"சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வுட்டாங்க சார். நான் வந்தப்ப வீடு பூட்டியிருந்துச்சு. குழந்த நாள மாத்திச் சொல்லுது."

அந்த இளைஞர்கள் செய்யத் தயாராக இருந்ததைச் செய்ததாகச் சொல்லிவிட்டேன். பொய்க்குக்கூட அவர்களுடைய நல்ல மனசைத்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது.

"இல்ல சார்" என்று கௌரி ஆரம்பித்தாள். சுவரோரத்திலிருந்து ஏழுமலை கையை லேசாக உயர்த்தினார்.

"வுடு பாப்பா. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஃபோர்மேன் என் பக்கத்தில் சைக்கிளை மிதித்து வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் சொன்னார்: "நான் வாயத் தொறக்க மாட்டன் சார். உங்களுக்கும் புள்ளைங்க இருக்குது. ஆனா இனிமே என்ன டீ குடிக்கக் கூப்பிடாதீங்க."

அவர் ஓய்வு பெறும்வரை நான் கூப்பிடவில்லை.

அறிக்கையை எழுதியது நான்தான். பொறியாளருக்கு வரைவு எழுதச் சலிப்பு, எனக்கோ அதில் நல்ல பெயர். வீட்டின் உட்புற ஒயரிங் பழுது, அலுவலகத்துக்கு இது குறித்துப் புகார் ஏதும் வரப்பெறவில்லை, கடைசிக் கணக்கீட்டின்போது வீடு பூட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காகித ஆதாரம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சற்று யோசித்தேன். அதற்கென்றே வழக்கமான ஒரு சொல் எங்களிடம் உண்டு. அதையே எழுதினேன்: "நுகர்வோரின் கவனக்குறைவு."

என் பணிக்காலத்தில் எத்தனையோ ஆயிரம் வீட்டு மீட்டர்களைப் பார்த்திருக்கிறேன். தன் மீட்டரை அவ்வளவு கவனமாகப் பார்த்த நுகர்வோர் வேறு யாரும் இல்லை. அரசாங்கக் காகிதத்தில் அவர் கவனக்குறைவால் இறந்தார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு வீட்டில் யூனிட் கூடுகிறது என்று யாராவது சொன்னால், அது சிக்கனம் பற்றிய பேச்சு என்று நினைத்து விடாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே மொழியில் வேறு ஏதோ சொல்கிறார்கள். அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுங்கள். உங்கள் கருவியில் நீங்கள் போகாத வீட்டுக்கு ஒரு குறியீடு இப்போதும் இல்லை என்று கேள்விப்படுகிறேன். இல்லாத குறியீட்டுக்குப் பதில் வேறொன்றை அழுத்துவதற்கு முன்னால், அந்த வாசலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று நினைத்துப் பாருங்கள்.

ஊரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், உடனே தரவில்லை. ஆகவே அடுத்த ரீடிங்குக்கும் நான்தான் போக வேண்டியிருந்தது. நாற்பத்தோரு வீட்டிலும் சீக்கிரமாக எழுதி முடித்தேன். கடைசி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது கௌரி தானாகவே ஒதுங்கி வழி விட்டாள். ஏழுமலை சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். அவர் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள்.

கரி எண்கள் அப்படியே இருந்தன. கருமாதிக்குச் சுவர் முழுதும் வெள்ளையடித்தவர்கள் அந்த இடத்தை மட்டும் சதுரமாக விட்டிருந்தார்கள். கடைசிக் கரி வரிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் எண்கள் தொடர்ந்தன. ஏழு இங்கே நேராக நின்றது.

மீட்டரைப் பார்த்தேன். அன்று காலை கௌரி எழுதியிருந்ததும் மீட்டரில் இருந்ததும் ஒன்றுதான். அட்டையில் எழுதினேன். சாவுக்குப் பிறகு ஒயரை மாற்றிய அன்று ஃபோர்மேன் அதில் எழுதியிருந்த எண்ணைக் கழித்துப் பார்த்தேன். அந்த அட்டையில் அதுவரை எழுதியதிலேயே குறைந்த யூனிட் அது.

"கம்மியாயிடுச்சா சார்?" என்றாள்.

"ஆயிடுச்சும்மா."

அவள் உள்ளே திரும்பி, "யப்பா, கம்மியாயிடுச்சாம்" என்றாள்.

ஏழுமலை முறத்தை நிறுத்தவில்லை.

"ஆவும். மூணு பேருதானே" என்றார்.